புல் நிலத்திற்கு ஏற்ற பலுகு

பயிர் விளையும் நிலத்தைப் பற்றிப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. எழுதாத ஏடும் இல்லை. புல் விளையும் நிலத்தைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். புல் தானாக முளைக்கும், தானாக வளரும், மாடு போய் மேய்ந்துகொள்ளும் என்பதே பலருடைய எண்ணம். அந்த எண்ணத்திற்கு உரிய விலையை இன்று பந்தேல்கண்டு உழவர்கள் நாள்தோறும் கொடுத்து வருகிறார்கள்.

பந்தேல்கண்டு நம்மில் பலருக்குப் பெயரளவில் புதிதாக இருக்கலாம். ஆனால் கண்ணளவில் புதிதன்று. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியும், தமிழ்நாடு விரைவு வண்டியும் ஜான்சியைக் கடந்தே செல்கின்றன. ஜான்சிக்கு முன்னும் பின்னும் சன்னல் வழியே தெரியும் செம்மண் மேடுகளும், பாறைக் குன்றுகளும், இடையிடையே கருநிலமும் அந்நாட்டைச் சேர்ந்தவையே. உத்தரப் பிரதேசத்தில் ஜான்சி, லலித்பூர், மகோபா, பாந்தா, சித்திரகூடம் முதலிய மாவட்டங்களும், மத்தியப் பிரதேசத்தில் டீக்கம்கர், சத்தர்பூர், பன்னா முதலியவையும் சேர்ந்ததே பந்தேல்கண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முதல் 900 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய எட்டு மாதமும் ஏறக்குறைய வறட்சிதான்.

அங்கே 'அன்னா பிரதா' என்று ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலக் கோதுமையும் கடலையும் அறுவடையானவுடன் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். வெற்று நிலத்தில் அவை திரிந்து கிடைத்ததை மேயும். மழைக்காலப் பயிர் விதைக்கும் வேளையில் திரும்பக் கொட்டிலுக்கு வந்துவிடும். உழவுக்கு எருது வேண்டியிருந்த நாளில் இவ்வழக்கத்தால் பெருந்தீங்கு நேரவில்லை. டிராக்டர் வந்தது, எருதின் தேவை குறைந்தது. பால் மறுத்த பசுவுக்குத் தீனி வாங்க உழவனிடம் பணமில்லை. ஆகவே கோடைக்கு அவிழ்த்த மாட்டை ஆண்டு முழுவதும் அவிழ்த்து விடுவோர் பெருகினர். இன்று உழவர்கள் வயலில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்து பயிரைக் காக்க வேண்டியிருக்கிறது. பயிரைத் தின்னும் மாடும் உழவனுடையதே. அதை விரட்டுபவனும் உழவனே!

கொட்டில் கட்டுவதும் வேலி அடிப்பதும் இதற்கு மருந்து என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கொட்டிலில் அடைத்த மாடு எதைத் தின்னும்? ஊர்ப் பொதுவிலும் மேட்டுப் புறத்திலும் உள்ள மேய்ச்சல் நிலம் நன்றாக இருந்தாலொழிய இந்த வினாவுக்கு விடை இல்லை. அந்நிலத்தைச் சீராக்க உதவும் கருவிகளுள் ஒன்று பலுகு. அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பயன்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் நான் அறிந்த அளவில் கூற விரும்புகிறேன்.

பலுகும் கலப்பையும்

கலப்பை மண்ணை ஆழமாகக் கீறிப் புரட்டுவது. பலுகு மேல் மண்ணை மட்டும் பிராண்டி, கட்டியை உடைத்து, விதையை மூடுவது. ஆங்கிலத்தில் இதனை ஹாரோ என்பர். உழுத பின் சமப்படுத்த நாம் ஓட்டும் பரம்பு வேறு. அதற்குப் பற்கள் இல்லை. இந்நாட்டில் அதைப் பட்டேலா என்கிறார்கள்.

பலுகு நமக்குப் புதிய பொருள் அன்று. புறநானூற்றில் கபிலர் பாடிய பாட்டு ஒன்றில், செம்மண் மேட்டில் விதைத்த வரகு கிளைத்து வரும் பருவத்தில் 'பல்லி' ஆடியதாகக் குறிப்பு வருகிறது. பல்லி என்பது பற்களையுடைய பலுகே. வளரும் பயிரின் ஊடே அதை ஓட்டுவதைத் தாளியடித்தல் என்றும் சொல்வர். இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பல்லி, உயிருள்ள பயிரின்மேல் ஓட்டப்படுவது. களை பெயர வேண்டும். மண் இளக வேண்டும். பயிர் மட்டும் சாகக் கூடாது. புல் நிலத்தில் பலுகு ஓட்டுவோனுக்கும் இதே சிக்கல்தான். அங்கே நிலம் வெற்று நிலம் அன்று; நல்ல புல் ஏற்கனவே வேரூன்றி நிற்கிறது. அதைக் காப்பாற்றிக்கொண்டே அதன் இடைவெளியைப் பண்படுத்த வேண்டும்.

'அகல உழுவதை ஆழ உழு' என்னும் பழமொழி வயலுக்கு உரியது. நல்ல புல் நிற்கும் நிலத்தில் அதைப் பின்பற்றினால் புல் வேரோடு போய்விடும். மண் மழையோடு போய்விடும். மேலாகக் கீறு, வேரைத் தொடாதே என்பதே அங்கு விதி.

புல் நிலத்தில் பலுகு செய்யும் வேலை

முதலாவது, மண்ணின் மேலோட்டை உடைப்பது. மாட்டின் குளம்பு பட்டும், கோடை வெயிலில் காய்ந்தும் மேல் மண் ஓடுபோல் இறுகிவிடுகிறது. முதல் மழை அதன்மேல் வழிந்தோடி ஓடையில் சேர்கிறது. மேலோட்டில் கீறல் விழுந்தால் அந்த நீரில் ஒரு பகுதியாவது உள்ளே இறங்கும்.

இரண்டாவது, பழைய ஆண்டின் செத்த தாளைக் கிளறி அகற்றுவது. தாள் அடர்ந்து மூடியிருந்தால் புதுக் குருத்துக்கு வெளிச்சம் கிட்டாது. விதைக்கு மண் கிட்டாது. ஆனால் எல்லாத் தாளையும் வாரிவிடவும் கூடாது. மழைத் துளியின் அடியிலிருந்து மண்ணைக் காப்பதும் அதே தாள்தான்.

மூன்றாவது, சாணத்தைப் பரப்புவது. மேனாட்டு நூல்கள் இதையே பெரிதாகச் சொல்கின்றன. சாணம் கிடந்த இடத்தைச் சுற்றியுள்ள புல்லை மாடு மேயாது. அதனால் நிலத்தில் திட்டுத் திட்டாகப் புல் முற்றிப் போகும். சங்கிலிப் பலுகை ஓட்டிச் சாணத்தை உதிர்த்துவிட்டால் எரு எங்கும் பரவும். மேய்ச்சலும் ஒரு சீராக இருக்கும். நம் நாட்டில் நிலை வேறு. காய்ந்த சாணத்தைப் பெண்கள் கூடையில் பொறுக்கிச் சென்றுவிடுகிறார்கள். பச்சைச் சாணம் வரட்டியாகிறது. நிலத்தில் பரப்புவதற்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே மேனாட்டு நூலில் முதலிடம் பெறும் வேலை இங்கே மூன்றாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. நூலைப் படிக்கும்போது நிலத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

சாணம் நிலத்திலேயே தங்கும் பண்ணைகளில் வேறு ஓர் எச்சரிக்கை தேவை. மாட்டின் குடற்புழுக்களின் முட்டைகள் சாணத்தில் உள்ளன. அவற்றிலிருந்து வெளிவரும் இளம் புழுக்கள் ஈரமான புல்லில் ஏறி நிற்கும். வெயில் காயும் வறண்ட நாளில் சாணத்தைப் பரப்பினால் அவை காய்ந்து மடியும். மழைநாளில் பரப்பினாலோ, ஓரிடத்தில் கிடந்த தீங்கை நிலம் முழுவதும் விதைத்தவர்கள் ஆவோம்.

நான்காவது வேலை, விதையை மண்ணோடு சேர்ப்பது. இந்த நாட்டில் பலுகின் தலையாய பயன் இதுவே என்பது என் கருத்து. முன் சொன்ன மூன்றும் நிலத்தில் உள்ள புல்லுக்குச் சிறிது வசதி செய்வன. நல்ல புல்லே அருகிப்போன நிலத்தில் வெறும் பலுகை எத்தனை முறை ஓட்டினாலும் புல் பெருகாது. இல்லாததைப் பலுகு படைக்காது. கீறிய மண்ணில் நல்ல விதை விழுந்தால்தான் மாறுதல் உண்டு.

பலுகு வகைகள்

இனி வகைகளைக் காண்போம். மென்மையானதில் தொடங்கி வன்மையானதில் முடிப்பது விளங்கிக்கொள்ள எளிது.

முட்கிளைப் பலுகு: இதற்கு விலையே இல்லை. கருவேல் அல்லது இலந்தைக் கிளைகளை ஒரு நீண்ட கட்டையில் நெருக்கமாகக் கட்டி, மேலே ஒரு கல்லையோ மரத்துண்டையோ வைத்து எருது கொண்டு இழுப்பது. ஆழமாகக் கீறாது, தூவிய விதையை மெல்ல மூடும். சீமைக் கருவேலங் கிளையைக் கட்டுவதானால் அதில் காய் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் புல் விதையோடு அந்த முள்மரத்தையும் சேர்த்து விதைத்ததாகும்.

சங்கிலிப் பலுகு: இரும்பு வளையங்களைப் பின்னிய வலை போன்றது; சிலவற்றில் வளையத்தோடு குட்டைப் பற்களும் இருக்கும். விறைப்பான சட்டம் இல்லாததால் மேடு பள்ளத்தோடு தானும் ஏறி இறங்கும். ஒரு பக்கம் பல் நீண்டும், மறு பக்கம் குறுகியும் இருக்கும்படி செய்வதுண்டு. நீண்ட பக்கம் கீழிருந்தால் தாளைக் கிளறும்; புரட்டிப் போட்டால் சாணத்தை உதிர்க்கும், விதையை மூடும். நல்ல புல் நிறைந்த நிலத்துக்கு மிகவும் ஏற்றது. மண் இறுகிப் போன இடத்தில் இதன் பல் ஏறாது.

முளைப் பலுகு: மரத்தாலோ இரும்பாலோ ஆன சட்டத்தில் கூர்மையான முளைகள் செங்குத்தாக இறங்கியிருக்கும். இரண்டு முதல் ஐந்து சென்டி மீட்டர் ஆழம் கீறும். நெம்புகோல் உள்ள வகையில் முளைகளைப் பின்பக்கம் சாய்த்தால் கீறல் குறையும், நிமிர்த்தினால் மிகும். சட்டத்தின்மேல் பாரம் ஏற்றியும் ஆழத்தைக் கூட்டலாம். ஒரு சோடி எருதே இழுத்துவிடும். சிற்றூர்க் கொல்லர் செய்து கொடுக்கக் கூடியது. ஆனால் நீண்ட தாள் முளைகளில் சிக்கிக் கட்டாகத் திரண்டுவிடும். அடிக்கடி தூக்கி உதற வேண்டும்.

வில் பற் பலுகு: பற்கள் வளைந்த எஃகுப் பட்டைகளால் ஆனவை. கல்லில் பட்டால் பின்னுக்கு வளைந்து கொடுத்து மீண்டும் தன் நிலைக்கு வரும். பந்தேல்கண்டின் பரற்கல் நிறைந்த செம்மண்ணுக்கு இது தக்கது. முளைப் பலுகைவிட ஆழமாகக் கீறுவதால் நல்ல புல் அடர்ந்த இடத்தில் கவனம் வேண்டும்.

பக்கர்: இது மத்திய இந்தியக் கருநிலத்தின் பழங்கருவி. கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளமுள்ள இரும்பு அலகு மண்ணுக்கடியில் கிடையாகச் செல்லும். ஆந்திரத்தில் குண்டகா என்றும், கன்னடத்தில் குண்டே என்றும் வழங்குவது இதன் உறவே. களையின் வேரை மண்ணுக்கடியில் அறுப்பதில் இதற்கு இணை இல்லை. அந்த வலிமையே புல் நிலத்தில் இதன் குறை. பல்லாண்டு வாழும் புல்லின் உயிர்நிலை அதன் தூரின் அடிப்பகுதி. அலகு அங்கேதான் பாய்கிறது. நல்ல புல் நிற்கும் நிலத்தில் பக்கரை ஓட்டுவது, மயிர் திருத்தச் சொன்னால் தலையைக் கொய்வது போன்றது.

வட்டத் தட்டுப் பலுகு: டிராக்டரின் பின்னே ஓடுவது, குழிந்த எஃகுத் தட்டுகள் வரிசையாக உருண்டு மண்ணை வெட்டிப் புரட்டும். தட்டு வரிசையின் கோணத்தைக் கூட்டினால் ஆழமும் புரட்டலும் மிகும். கோணத்தைக் குறைத்துத் தட்டுகளை நேராக ஓடவிட்டால் வெட்டுக்கோடு மட்டும் விழும். விளிம்பில் பல் வெட்டிய தட்டு, தாளை நன்கு அறுக்கும். புல் நிலம் முற்றிலும் கெட்டு, புதிதாக விதைப்பது ஒன்றே வழி என்று ஆனபின் எடுக்க வேண்டிய கருவி இது. வாடகைக்கு எளிதில் கிடைக்கிறது என்பதற்காகவே பலர் முதலில் இதைக் கொண்டுவருகின்றனர். கருவி கிடைப்பது வேறு. நிலத்துக்கு அது பொருந்துவது வேறு.

தேர்ந்தெடுக்கும் முறை

கடைக்குப் போவதற்கு முன் நிலத்துக்குப் போக வேண்டும். மூன்று வினாக்களுக்கு அங்கே விடை காண வேண்டும்.

முதல் வினா: நிலத்தில் நிற்கும் புல் எது? இந்தியப் புல்வெளிகளை டபட்காவ், சங்கரநாராயண் என்னும் அறிஞர் இருவர் 1973இல் வெளியிட்ட நூலில் ஐந்து பெரும் வகைகளாகப் பிரித்தனர். பந்தேல்கண்டும், நம் தமிழ்நாட்டுச் சமவெளியும் அவற்றுள் ஒரே வகையில், சேஹிமா - டைகாந்தியம் வகையில், அடங்குகின்றன. சேஹிமாவும் டைகாந்தியமும் மாடு விரும்பும் பல்லாண்டுப் புற்கள். அளவுக்கு மீறி மேயவிட்டால் இவை குறையும்; முதிர்ந்தபின் ஊசி போன்ற விதையால் மாட்டின் வாயைக் குத்தும் ஹெட்டரோபோகான் பெருகும். மேலும் மேய்ந்தால் அதுவும் ஒழிந்து, அரிஸ்டிடா போன்ற, தீனிக்கு உதவாத புற்களே மிஞ்சும். நிலம் இந்தப் படிகளில் எங்கே நிற்கிறது என்பதை அறிவது முதல் வேலை.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. நிலத்தின் குறுக்கே நூறு அடி எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அடியிலும் கால் பெருவிரல் நுனியில் இருப்பது நல்ல புல்லா, தீய புல்லா, வெறும் மண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் கொள்ளும் கைக்கணக்கு இது: நூற்றில் ஐம்பதுக்கு மேல் நல்ல புல் இருந்தால் பலுகே வேண்டா, ஒரு மழைக்காலம் மேயாமல் விட்டால் போதும். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருந்தால் முளைப் பலுகு அல்லது வில் பற் பலுகால் கீறி, இடையில் விதை தூவலாம். இருபதுக்கும் கீழே என்றால் பக்கர் அல்லது தட்டுப் பலுகால் பண்படுத்திப் புதிதாக விதைப்பதைப் பற்றி எண்ணலாம்.

இரண்டாம் வினா: மண் எத்தகையது, சரிவு எவ்வளவு? பந்தேல்கண்டு உழவர்கள் தம் மண்ணை நான்காகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். ராக்கர், பர்வா என்பன செம்மண். காபர், மார் என்பன கருமண். ராக்கர் பரற்கல் நிறைந்து ஆழமற்றது. பெரும்பாலும் சரிவில் கிடப்பது. மேய்ச்சல் நிலமாக எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி இத்தகைய மண்ணே. இங்கே தட்டுப் பலுகை ஓட்டினால் உள்ள சிறிதளவு மண்ணும் முதல் பெருமழையில் கரைந்து போகும். வில் பற் பலுகை, சரிவுக்குக் குறுக்காக, ஒரே ஒரு முறை ஓட்டுவது போதும். செங்குத்தான சரிவில் எந்தப் பலுகும் ஆகாது. கையால் மண்வெட்டி கொண்டு ஆங்காங்கே கொத்தி விதையிடுவதே முறை.

மூன்றாம் வினா: இழுப்பது எது? ஓர் எருது தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடுதான் தொடர்ந்து இழுக்க முடியும். 300 கிலோ எடையுள்ள எருதுகள் இரண்டு என்றால் இழுவிசை 60 கிலோ அளவே. அதற்குத் தக்க அகலத்தில் பலுகு இருக்க வேண்டும். 1.2 மீட்டர் அகலமுள்ள முளைப் பலுகை, மணிக்கு 2.5 கிலோ மீட்டர் நடக்கும் எருதுகள் இழுப்பதாகக் கொள்வோம். கணக்குப்படி மணிக்கு 3,000 சதுர மீட்டர் ஆகும். திரும்புவதற்கும் உதறுவதற்கும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கழித்தால் 2,000 சதுர மீட்டர் மிஞ்சும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே ஒரு முறை ஓட்ட ஐந்து மணி நேரம் வேண்டும். 2.4 மீட்டர் பலுகை டிராக்டர் மணிக்கு 6 கிலோ மீட்டர் வேகத்தில் இழுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதே வேலை முடியும். பரப்பு சிறிதாயின் எருதே போதும். ஊர்ப் பொதுநிலம் நாற்பது ஐம்பது ஹெக்டேர் என்றால், மழைக்கு முன் கிடைக்கும் சில நாட்களில் எருதால் முடியாது. வேகத்தைப் பார்த்து மயங்காமல், நாட்களை எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

காலமும் பதமும்

ஜான்சிப் பகுதியில் பருவமழை ஜூன் கடைசி வாரத்தில் தொடங்குவது வழக்கம். அதற்குச் சற்று முன்னர், புல் உறங்கிக் கிடக்கும்போது ஒரு கீறல். முதல் மழைக்குப் பின், மண் கையில் பிடித்தால் உதிரும் பதத்தில் விதைப்பும் மூடலும். இதுவே சிறந்த காலம். சேறாக இருக்கும்போது ஓட்டினால் மண் அப்பிக்கொண்டு இறுகும். புல் தூரோடு பெயர்ந்து வரும். ஜூலை நடுப்பகுதியைத் தாண்டிவிட்டால் பழைய புல் குருத்து விட்டு உயர்ந்துவிடும். அப்போது ஓட்டும் பலுகு, இளங்குருத்தை முறிப்பதோடு, விதைப்பதையும் பழைய புல்லின் நிழலில் தள்ளிவிடும்.

முழு நிலத்தையும் ஓட்டுவதற்கு முன் பத்து அடி நீளம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் நடந்து சென்று குனிந்து பாருங்கள். தரையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை புது மண் தெரிய வேண்டும். அதற்குக் குறைவாயின் பாரம் ஏற்றலாம், அல்லது மறு முறை முதல் ஓட்டத்துக்குச் சாய்வாக ஓட்டலாம். நல்ல புல்லின் தூர்கள் பெயர்ந்து கிடந்தால் பாரத்தை இறக்க வேண்டும், அல்லது முளையைச் சாய்க்க வேண்டும். இந்தப் பத்தடிச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை. அது காப்பதோ பத்தாண்டுப் புல்லை.

விதை

பந்தேல்கண்டில் புல்லோடு முயல் மசாலைச் சேர்த்து விதைப்பது நல்ல பயன் தருவது. தாவர நூலார் இதனை ஸ்டைலோசாந்தஸ் என்பர். அவரை இனத்தைச் சேர்ந்த இது, காற்றின் நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு வலிமை தருகிறது. மாட்டுக்குப் புரதமும் தருகிறது. புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல்லைக் கொள்ளலாம். கொங்கு நாட்டாருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

முயல் மசால் விதையின் தோல் கடினமானது. 80 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் இட்டு எடுத்து, ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊற வைத்தால் நன்கு முளைக்கும். தனித்துத் தூவுவதானால் ஹெக்டேருக்கு முயல் மசால் 10 கிலோவும், கொழுக்கட்டைப் புல் 6 முதல் 8 கிலோவும் தேவை. இரண்டும் கலந்தால் ஒவ்வொன்றிலும் பாதி போதும். கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சுபோல் இலேசானது, காற்றில் பறக்கும். ஈர மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவிய பின் முட்கிளைப் பலுகையோ, சங்கிலிப் பலுகின் மென்பக்கத்தையோ ஒரு முறை இழுத்தால் போதும். ஒரு சென்டி மீட்டருக்கு மேல் மண் மூடினால் இச்சிறு விதைகள் மேலே வரமாட்டா. கீறுவதற்கு ஒரு பலுகு, மூடுவதற்கு வேறொரு பலுகு என்று கொள்வது நல்லது. கீறிய வன்பலுகாலேயே மூடுவதால் விதை புதைந்து வீணாவது பல இடங்களில் நிகழ்கிறது.

காப்பு

இத்தனையும் செய்தபின் அடுத்த நாளே மாடு உள்ளே புகுந்தால் பட்ட பாடெல்லாம் பாழ். முளைத்து மூன்று இலை விட்ட புல்லை மாடு கடித்தால் வேரோடு கையில் வருவது போல வாயில் வந்துவிடும். முதல் மழைக்காலம் முழுவதும் நிலத்தை மேயவிடக் கூடாது. விதை முதிர்ந்து உதிர்ந்த பின், அறுத்துக் கொண்டு போய்க் கொட்டிலில் போடலாம். முயல் மசால் முதல் ஆண்டில் மெல்லவே வளரும். அதைக் கண்டு மனந்தளர வேண்டா. இரண்டாம் ஆண்டில் அளவாக, பகுதி பகுதியாக மேய விடலாம்.

உழவைப் பற்றிக் கூறும்போது வள்ளுவர், ஏர் ஓட்டுவதினும் எரு இடுவது நன்று என்றும், களை எடுத்தபின் நீர் விடுவதினும் காப்பது நன்று என்றும் வரிசை வகுத்தார். கொங்கு நாட்டுக் கொறங்காடு இதற்குக் கண்கண்ட சான்று. காங்கேயம் பகுதியில் ஒவ்வொரு மேய்ச்சல் காட்டையும் கிளுவை வேலி சூழ்ந்திருக்கிறது. காடு உரியவனுடையது, எப்போது மாட்டை விடுவது, எப்போது எடுப்பது என்பதை அவனே முடிவு செய்கிறான். குறைந்த மழையிலும் கொழுக்கட்டைப் புல் அங்கே நிலைத்திருப்பதற்கு அந்த வேலி ஒரு பெருங்காரணம். பந்தேல்கண்டின் ஊர்ப் பொதுநிலத்துக்கு உரியவர் எல்லாரும். ஆகவே காப்பவர் ஒருவரும் இல்லை. அங்கே பலுகைவிட முதலில் வேண்டியது, இந்த ஆண்டு இந்தப் பகுதியில் மேய்ப்பதில்லை என்று ஊரார் கூடிச் செய்யும் முடிவு. ஊர் நிலத்தை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கைக் கீறி விதைத்து மூடிவைத்தால், மற்ற இரண்டில் மாடு மேயும். மூன்று ஆண்டில் முழு நிலமும் ஒரு சுற்று திருந்திவிடும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மூடினால் மாடு வயலுக்குத்தான் போகும்.

ஜான்சியில் 1962ஆம் ஆண்டிலேயே இந்தியப் புல்வெளி - தீவன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. புல்லின் வகையும் விதையின் அளவும் ஆராய்ந்து கண்டவை பல. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்கு உள்ளே வளரும் புல், வேலிக்கு வெளியே வளராமல் இருப்பதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமாக முடியாது; இரண்டு பக்கத்துக்கும் அவை ஒன்றே.

வேளாண்மை பயிலும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஒரு சிற்றூருக்குச் சென்று புல் நிலத்தைத் திருத்த எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், பட்டியலில் பலுகை முதலில் எழுதாதீர்கள். முதலில் காப்பு, அடுத்து விதை, மூன்றாவதாகப் பலுகு. அதிலும் நிலத்தில் நிற்கும் நல்ல புல்லைக் கொல்லாத மிக மென்மையான பலுகு எதுவோ, அதை எழுதுங்கள். கல்லும் முள்ளும் கட்டிய கருவேலங் கிளையே போதும் என்று நிலம் சொன்னால், அதையே எழுதத் தயங்க வேண்டா. வேறு துறை பயிலும் நண்பர்களும் இதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. நம் மாநிலத்திலும் மேய்ச்சல் நிலங்கள் மெலிந்து வருகின்றன. அவற்றைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் பேச்சு எழும்போது, டிராக்டரைக் கொண்டுவந்து உழுதுவிடலாம் என்று ஒருவர் எழுந்து சொல்வார். நூறு அடி நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று சொல்ல இன்னொருவரும் அங்கே இருக்க வேண்டும்.